நாட்காட்டியில் இல்லை என்றால் புனிதர் இல்லை என்றா அர்த்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கிறிஸ்தோபர், பார்பரா, கத்தரீனா ஆகியோரை 1969இல் திருச்சபையே புனிதர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்று அதில் ஒரு வரி வருகிறது. வாய்ப்பேச்சில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன், ஆனால் அச்சில் பார்த்தபிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

அந்த ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் திருத்தியது பொது நாட்காட்டியை. உலகம் முழுக்க எந்த நாளில் யார் நினைவாகப் பூசை என்று சொல்லும் அட்டவணை அது. புனிதர்களின் பெயரேடு வேறு, உரோமை மறைசாட்சியர் ஏடு என்பார்கள். கிறிஸ்தோபர் ஜூலை 25இலும் பார்பரா டிசம்பர் 4இலும் இன்றும் அதில் இருக்கிறார்கள். அலெக்சாந்திரியா கத்தரீனாவை எடுத்த அதே பொது நாட்காட்டியில் 2002இல் திரும்பச் சேர்த்தும் விட்டார்கள், நவம்பர் 25. பட்டத்தையே பறித்திருந்தால் இப்படிச் சேர்த்திருக்க முடியுமா?

வரலாற்று ஆதாரம் மெலிந்திருப்பது அவர்கள் விழாக்களை நாட்காட்டியிலிருந்து நீக்கியதற்கு ஒரு காரணம், அதை நானும் மறுக்கவில்லை. குழந்தை இயேசுவைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்த கதை கிறிஸ்தோபருக்கு மிகவும் பிந்தி வந்து ஒட்டியது. ஆனால் அவர் பெயரில் 5ஆம் நூற்றாண்டிலேயே ஆலயம் இருந்திருக்கிறது. ஜார்ஜியாரும் அப்படித்தான், பாலஸ்தீனத்து லித்தா ஊரில் அவர் கல்லறையைத் தேடி மக்கள் போகத் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் அவர் கொன்றதாகச் சொல்லும் பறவைநாகமே கதைக்குள் நுழைகிறது. கதை பொய் என்பதும் ஆள் பொய் என்பதும் ஒன்றல்ல, கட்டுரையாளர் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்.

செசிலியா இசைக்கலைஞர்களுக்குப் பாதுகாவலி ஆனது எப்படி என்று கட்டுரையில் சொல்லியிருக்கலாம். அவர் திருமணத்தில் வாத்தியங்கள் முழங்கியபோது அவர் தம் உள்ளத்துக்குள் இறைவனை நோக்கிப் பாடினார் என்கிறது பழைய வரலாறு. வழிபாட்டில் பாடும் வரியில் அந்த 'உள்ளத்துக்குள்' விடுபட்டுப் போக, வாத்தியத்தோடு பாடியவர் என்றே மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் பிலோமினா. இவரைப் பற்றிக் கட்டுரையில் "கற்பனை" என்று ஒரே சொல்லோடு முடித்துவிட்டார்கள், எனக்கு வலித்தது அதுதான். என் பாட்டிக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அது. 1961இல் பிலோமினா விழாவை எல்லா நாட்காட்டிகளிலிருந்தும் எடுக்கும்படி ரோமிலிருந்து உத்தரவு வந்தபோது, "அப்போ என் பேருக்குப் புனிதையே இல்லையா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டாராம், யாரும் உட்கார்ந்து பதில் சொல்லவில்லை என்று அம்மா இன்றும் சொல்வார்.

1802 மே மாதம் ரோமில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் ஒரு குழியைத் திறந்தார்கள். அந்தக் குழியின் வாயை மூடியிருந்தவை மூன்று சுடுமண் ஓடுகள், அவற்றில் நங்கூரமும் அம்புகளும் வரைந்திருந்தன, வரிசையாக லுமேனா, பாக்ஸ் தே, கும் ஃபி என்ற லத்தீன் எழுத்துகள். அப்படியே படித்தால் பொருள் வராது, முதல் ஓட்டைக் கடைசியில் வைத்தால் பாக்ஸ் தேகும் ஃபிலுமேனா, "பிலோமினா, உனக்குச் சமாதானம்". உள்ளே ஒரு சிறுமியின் எலும்புகள். ஓடுகள் பழைய கல்லறையிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்தியவையாக இருக்கலாம், அந்தப் பெயர் அந்தச் சிறுமியுடையதாகவே இல்லாமலும் போகலாம் என்று பின்னால் தொல்லியலாளர்கள் வாதிட்டார்கள். அரசனை மறுத்தார், அம்பெய்தார்கள் என்ற வாழ்க்கைக் கதையோ 1833இல் நேப்பிள்ஸ் நகரத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் தமக்கு வெளிப்பட்டதாகச் சொன்னது. சரி, அந்தக் கதையை யாரும் வரலாறு என்று நம்ப வேண்டாம். ஆனால் ஒரு சிறுமி செத்தது நிஜம், அவளைப் புதைத்தவர்கள் கல்லறைவாயில் சமாதான வாழ்த்தை வைத்ததும் நிஜம். அந்த எலும்புகளைப் பின்னால் கொண்டுபோய் வைத்த இத்தாலியின் முஞ்ஞானோ ஊரில், அவற்றுக்கு முன்னால் இன்றும் ஆட்கள் முழந்தாளிட்டுச் செபிக்கிறார்கள், அந்தத் திருத்தலத்தைத் திருச்சபை மூடவும் இல்லை.

1969 பற்றிய அந்த வரியைத் திருத்தி அடுத்த இதழில் ஒரு சின்னக் குறிப்பு போடுங்கள். பிலோமினாவைப் பற்றி எழுதும்போது அந்த மூன்று ஓடுகளைப் பற்றியும் சேர்த்து எழுதுங்கள், என் அம்மா படிப்பார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்