மோட்டாரைப் பிரிப்பதற்கு முன்

தெலுக் இந்தான்,
பேராக், மலேசியா.

அன்புத் தம்பிக்கு,

இங்கு நான் நலம். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று நீயாவது உள்ளதைச் சொல். போனில் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்ற ஒரே பதில்தான் வருகிறது.

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். கடல் காற்றில் பாதி அடித்துக்கொண்டு போனாலும் விஷயம் புரிந்தது. கொச்சிப் பக்கம் வேலைக்குப் போய் வந்த மாதங்களில் படகு கரையிலேயே கிடந்திருக்கிறது, இப்போது மோட்டார் பிடிக்கவில்லை. மெக்கானிக் வந்து பார்த்து, தீப்பொறிக்கு மின்சாரம் தருகிற காயில் போச்சு, கார்புரேட்டரும் மாற்றணும் என்று பெரிய தொகை சொல்லியிருக்கிறார், அம்மா சங்கிலியைக் கழற்றித் தரத் தயாராக இருக்கிறாள். சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கட்டும். நான் எழுதுகிற வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணு. பேச்சில் சொன்னால் உனக்கு வரிசை நிற்காது, அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இவனுக்கு மோட்டார் பற்றி என்ன தெரியும் என்று நீ நினைப்பாய். தோட்டத்தில் எனக்குப் பட்டறை வேலைதான். ஒரு காலத்தில் நம் ஆட்களைக் கங்காணிகள் கப்பலேற்றிக் கூட்டி வந்து கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வெட்ட விட்ட ஊர்கள் இவை. இப்போது கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் டவுனுக்குக் குடிபோய்விட்டார்கள். பழம் வெட்டுவது பெரும்பாலும் இந்தோனேசியாக்காரர்களும் வங்காளதேசத்துக்காரர்களும் நேப்பாளத்துக்காரர்களும்தான். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை போகாது. அதனால் ஒரு டிராக்டர் நின்றாலும் மண்டோர் என்கிற மேஸ்திரி முதல் மேனேஜர் வரை பட்டறை வாசலில் வந்து நிற்பார்கள். வைகிற வசவையும் வாங்கிக்கொண்டு வேலையையும் பார்க்க வேண்டும். சம்பளம் சரியாக வருகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போவேன். 1885-இல் கட்டிய மணிக்கூண்டு ஒன்று நடு ஊரில் சாய்ந்தபடி நிற்கிறது. ஊருக்குத் தண்ணீர் தேக்கி வைக்கக் கட்டியதாம், கீழே மண் இளகி ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அதைத் தாண்டி நடந்தால் பேராக் ஆறு. கரையோரம் சம்பான் என்கிற சின்னப் படகுகளுக்கு மோட்டார் பழுது பார்க்கிற ஒரு தாத்தா இருக்கிறார். தோட்டத்தில் பிறந்தவர், அவருடைய அப்பா அம்மா இருவரும் பால் வெட்டியவர்கள். ஊரை இன்றைக்கும் பழைய பெயரில் தெலுக் ஆன்சன் என்றுதான் சொல்வார். நம் கடற்கரையில் பிறந்தவன் என்று தெரிந்ததும் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டார். "கழட்டறது சுலபம் லா, திரும்ப மாட்டறதுதான் பாடு" என்பார். ஸ்பேனரைத் தொடாமலே பார்க்க முடிகிறவற்றை எல்லாம் முதலில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய பழக்கம். இனி எழுதுவதில் பாதி அவர் சொன்னது.

முதலில் சிவப்புச் சுருள் கயிற்றின் முனையில் இருக்கிற கிளிப். அது மோட்டாரை அணைக்கிற ஸ்விட்ச்சில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார். சிரிக்காதே. கிளிப் சரியாக மாட்டாமல் தோள்பட்டை கழன்றுபோகிற அளவுக்குக் கயிறு இழுக்கிற ஆட்களை இந்த ஆற்றங்கரையில் நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது டேங்க். மூடியில் இருக்கிற காற்றுத் திருகைத் திற. அது மூடியிருந்தால் உள்ளே காற்று போகாது, எண்ணெயும் வராது. பிறகு எண்ணெய்க் குழாயில் இருக்கிற ரப்பர் பல்பை அமுக்கு. அதன் மேல் போட்டிருக்கிற அம்புக்குறி மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். அமுக்க அமுக்கப் பல்பு கல் மாதிரி இறுக வேண்டும். எவ்வளவு அமுக்கியும் தொளதொளவென்று இருந்தால் குழாய் வழியில் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பல்புக்குள் இருக்கிற வால்வு போய்விட்டது. வெயிலில் கிடந்த குழாய் பார்க்க நன்றாக இருக்கும், வளைத்தால் வெடிப்பு தெரியும். குழாய் மோட்டாரில் செருகுகிற இடத்தில் இருக்கிற சின்ன ரப்பர் வளையத்தையும் பார்.

என் சந்தேகம் இதற்கு அடுத்த இடத்தில்தான். உன் மோட்டார் மண்ணெண்ணெயில் ஓடுவது. ஆறிக் கிடக்கிற மோட்டாருக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால்தான் பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணிச் சூடு ஏறியதும் மாற்றுகிறோம். கரைக்குத் திரும்பும்போது மோட்டாரை நிறுத்துவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நின்றால்தான் அடுத்த தடவை இழுத்ததும் பிடிக்கும். நீ கொச்சிக்குப் போவதற்கு முன் கடைசியாகப் படகை ஓட்டியது யார்? மச்சான் என்றால் மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டு மீன் கூடையைத் தூக்கப் போயிருப்பான். அப்படி ஓடிப் போகிறவன்தான் அவன். அந்தக் கிண்ணத்தின் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திறந்து உள்ளே இருப்பதை முழுக்க ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடி.

பாட்டிலைச் சற்று நேரம் அசையாமல் வைத்துப் பார். அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது நம் ஊர் பெட்ரோல் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அளவு மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து கீழே பிரிந்துவிடும். கடலோரக் காற்றில் மாதக் கணக்கில் கிடந்த கேனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கே டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலைக் கலக்கிறார்கள். நம் தோட்டத்துப் பழமே ஒரு சுற்றுச் சுற்றி டிராக்டருக்குள் வருகிறது, அதுவும் ஈரத்தை இழுக்கிறது. வாரக் கணக்கில் நின்ற டிராக்டருக்கு முதலில் ஃபில்டரில் தண்ணீர் வடிப்பதுதான் எங்கள் பட்டறை வழக்கம். நீ பழைய பெட்ரோலை அப்படியே ஒதுக்கிவிட்டு, புதிதாக வாங்கி, மோட்டார் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவில் ஆயில் கலந்து ஊற்று. 50-க்கு 1 என்று இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. கூடுதலாக ஊற்றினால் மோட்டாருக்கு நல்லது என்று அப்பா காலத்திலிருந்து ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது ஸ்பார்க் பிளக்கில் கரியைத்தான் ஏற்றும்.

இவ்வளவும் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்று. நுனி நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் எண்ணெய் வருகிறது, சோக்கை அதிகமாக இழுத்து மூழ்கடித்திருக்கிறாய். கிளிப்பை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே கயிற்றைப் பல தடவை இழு, உள்ளே நிற்பது வெளியேறும். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டு. நுனி காய்ந்திருந்தால் எண்ணெயே உள்ளே போகவில்லை, கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும்.

தீப்பொறி பார்க்கும்போது மட்டும் கவனம். பெட்ரோல் சிந்திய இடத்தில் செய்யாதே, கேனைத் தூரமாக வை. கிளிப்பைத் திரும்ப மாட்டு. பிளக்கைக் கேப்பில் செருகி, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்து, அதன் உலோகப் பகுதி இன்ஜின் மேல் நன்றாகப் படும்படி, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வைத்து, ஒருவனைக் கயிறு இழுக்கச் சொல். நீல நிறத்தில் பளிச்சென்று அடித்தால் காயிலைக் குறை சொல்ல அவ்வளவாக இடமில்லை. மெக்கானிக்கிடம் அதைக் காட்டி, எதை வைத்து காயில் போச்சு என்றீர்கள் என்று கேள். மரியாதையாகவே கேள், நாளைக்கும் அவரிடம்தான் போக வேண்டும்.

பொறியே இல்லை என்றால் முதலில் புது பிளக். அதற்கும் வரவில்லையா, ஸ்டாப் ஸ்விட்ச்சிலிருந்து வருகிற ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி பார். உப்பு ஏறிய ஸ்விட்ச் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, மோட்டாரை அணைத்தே வைத்திருக்கும். ஒயரைக் கழற்றியதும் பொறி வந்தால் மாற்ற வேண்டியது ஸ்விட்ச் மட்டும்தான். காயிலிலிருந்து இன்ஜினுக்குப் போகிற எர்த் ஒயரின் முனை பச்சை பூத்திருந்தால் சுரண்டி இறுக்கு. இத்தனைக்குப் பிறகும் பொறி இல்லையென்றால் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம். அப்போது எனக்குச் சொல், பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கார்புரேட்டரைத் திறக்க வேண்டி வந்தால் எண்ணெய் பாய்கிற ஜெட் ஓட்டையில் கம்பியை விடாதே. ஜெட் பித்தளை, ஓட்டை பெரிதாகிவிடும். தாத்தா மெல்லிய தங்கூசி நரம்பை, தூண்டிலுக்குப் போடுகிற நைலான் நரம்பைத்தான் விடுகிறார். அது நம் வீட்டில் எறவாணத்திலேயே தொங்குகிறது.

பிடித்துவிட்டால் சந்தோஷத்தில் கரையிலேயே உறும விடாதே. தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்ப்பின் ரப்பர் இறக்கை கருகிவிடும். டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதற்குள் மோட்டாரை இறக்கி ஓட்டு. பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சுகிறதா பார், உள்ளே இருக்கிற உப்பும் கழுவிப் போகும்.

ஞாயிறு உனக்குச் சாயங்காலம் 6 மணிக்குக் கூப்பிடு, எனக்கு அப்போது இரவு 8.30, ஓய்வாக இருப்பேன். அதற்கு முன்னால் பிளக் நுனியையும் அந்தக் கண்ணாடிப் பாட்டிலையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு, தாத்தாவிடம் காட்டிக் கேட்கிறேன். ஒதுக்கிய பெட்ரோலை அம்மா விறகடுப்பு பற்றவைக்க எடுத்துவிடப் போகிறாள், கேனை வீட்டுப் பக்கமே கொண்டு போகாதே.

அன்புடன்,
அண்ணன்