பதினோராம் வகுப்புப் பாடப்பிரிவு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நேரம் இது. கணக்கு நன்றாக வரும் பிள்ளைக்கு உயிரியல் எதற்கு என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்கிறீர்கள். அதற்கு விடையாக யுவான் செங் ஃபங் என்ற அறிஞரின் பணியைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

1919இல் சீனாவின் சாங்ஜோ நகரில் பிறந்த அவர், அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 1948இல் முனைவர் பட்டம் பெற்றார். காற்றோட்டத்தில் விமான இறக்கைகள் வளைந்து அதிர்வதை ஆராய்ந்து பெயர் பெற்றவர். சீனாவிலிருந்த தம் தாய்க்குக் கண் அழுத்த நோய் வந்தபோது, அது பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்து அங்குள்ள மருத்துவருக்கு அனுப்பினார். அந்த வாசிப்பு அவரை உடலியலின் பக்கம் திருப்பியது. 1966இல் சான்டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குச் சென்று, உடலின் செயல்பாட்டைப் பொறியியல் முறைகளால் ஆராயும் உயிரிப் பொறியியலைத் தனித்துறையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஆனார்.

அவருடைய ஆய்வுகளில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாயான தமனியைப் பற்றியது. தமனியிலிருந்து சிறு வளையம் ஒன்றை வெட்டியெடுத்து, அதன் சுவரை ஓரிடத்தில் நறுக்கினால், வளையம் தானாகவே விரிந்து திறந்துகொள்கிறது. உள்ளே இரத்த அழுத்தம் சிறிதும் இல்லாதபோதும், சுவரின் உட்பகுதி அமுக்கத்திலும் வெளிப்பகுதி இழுவிசையிலும் இருந்திருக்கின்றன என்பதற்கு இதுவே சான்று. அழுத்தம் தாங்கும் தடித்த குழாயில் உட்சுவரே மிகுதியான தகைவுக்கு, அதாவது ஓரலகுப் பரப்பின்மீது செயல்படும் விசைக்கு, உள்ளாகும் என்பது பொறியியல் கணக்கு. தமனியிலோ, முன்பே அமுங்கியிருக்கும் உட்பகுதி அந்தத் தகைவை ஈடுசெய்வதால், சுவர் முழுவதும் சுமையை ஏறத்தாழச் சமமாகப் பகிர்ந்துகொள்கிறது. 1980களில் ஃபங் இதை விளக்கியதோடு நிற்கவில்லை. எலிகளை ஆக்சிஜன் குறைந்த காற்றில் வைத்தபோது, அவற்றின் நுரையீரல் தமனிகளில் அழுத்தம் கூடி, சுவர் தடித்து, வளையம் திறக்கும் கோணமும் மாறியதை அவரும் அவருடைய மாணவர்களும் அளந்து காட்டினர். தகைவு மாறினால் திசுவின் வளர்ச்சியும் மாறுகிறது என்ற இந்தக் கருத்து, உயர் இரத்த அழுத்தம் குழாய்களை என்ன செய்கிறது என்பதை அறிய இன்றும் பயன்படுகிறது.

இழுக்க இழுக்கத் திசு மேலும் விறைப்பாவதை அவர் மேன்மேலும் வேகமாகக் கூடிச் செல்லும் அடுக்குக்குறிச் சார்பால் (exponential function) எழுதினார். அச்சார்பும், தகைவும், தமனியின் அமைப்பும் நம் பிள்ளைகள் மேல்நிலை வகுப்புகளில் வெவ்வேறு புத்தகங்களில் படிக்கும் பாடங்களே.

கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு சுமை கூடியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டிலும் ஆர்வமுள்ள பிள்ளையை, மதிப்பெண்ணையோ பிறர் சொல்வதையோ மட்டும் வைத்து ஒன்றை விடச் சொல்லாதீர்கள் என்று அன்போடு வேண்டுகிறேன். விண்ணப்பத்தை நிரப்பும் முன், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வந்து கணித, உயிரியல் ஆசிரியர்கள் இருவரிடமும் பேசுங்கள். பள்ளி வேலைநாள்களில் மாலை வகுப்புகள் முடிந்தபின் என்னையும் அலுவலகத்தில் சந்திக்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்