மஞ்சள் பை மாவு

சஸ்கட்டூன், கனடா
தை 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் மார்கழிக் கடைசியிலேயே வந்துவிட்டது. இன்று எழுதலாம், நாளை எழுதலாம் என்று பொங்கலும் போய்விட்டது. திட்டாதே. போனில்தான் வாரம் இரண்டு முறை பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று மச்சான் கேட்டாராம். போனில் ஸ்பீக்கரைப் போட்டு அக்கா, மச்சான், திருமங்கலம் சித்தி எல்லோரும் வட்டமாக உட்கார்ந்துவிடுகிறீர்கள். நீ ‘சாப்பிட்டியா’ என்பதைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் கடிதத்தில்தான் கேட்கிறாய். அதனால் நானும் கடிதத்திலேயே சொல்கிறேன்.

முதலில் உன் கேள்விக்கு வருகிறேன். ‘அங்கே கடையில் பிரட் கிடைக்காதா, நீயே சுட்டுத் தின்கிறாயாமே’ என்று எழுதியிருந்தாய். கிடைக்கிறது, அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கும், விட்டால் எழும்பாது. எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. குளிர்காலத்தில் இங்கே எல்லோருக்குமே அப்படித்தான். நேரம் கிடக்கிறது, பொழுதுபோக்காகச் சுடுகிறேன். வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே.

இங்கே வாடகை வீட்டிலும் அடுப்புக்குக் கீழேயே ஓவன் இருக்கும். நானும் கூட இருக்கும் இரண்டு பஞ்சாபிப் பையன்களும் முதல் மூன்று மாதம் அதில் வாணலியும் குக்கரும்தான் அடுக்கி வைத்திருந்தோம். ஒருநாள் பரோட்டா ஆசை வந்தது. கடையில் மாவு இருக்கும் வரிசைக்குப் போனால் எல்லாப் பையிலும் வெள்ளை மாவுதான். படம் அழகாக இருக்கிறதே என்று ஒன்றை எடுத்து வந்தேன். பிசைந்தேன், எண்ணெயில் ஊற வைத்தேன், நம்ம யானைமலை முக்குக் கடை மாஸ்டர் மாதிரி கையை மடக்கி வீசினேன். நடுவிலேயே கிழிந்து பாதி கையில், பாதி சுவரில். அப்புறம்தான் பையைப் படித்தேன். அது கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் ஆன மாவாம். அப்பா மில்லில் பத்து வருஷம் மாவு தட்டி வளர்ந்தவன் இதைக்கூடப் பார்க்காமல் வாங்கினேன் என்று அவரிடம் சொல்லிவிடாதே.

இப்போது வாங்குவது மஞ்சள் பை. அதன் பெயரே ‘நோ நேம்’, அதாவது பேரில்லாதது. இப்படி ஒரு பெயர் வைத்துப் பெரிய கடைக்காரர்கள் விற்கிறார்கள், சனமும் வாங்குகிறது. இரண்டரைக் கிலோ பை 6 டாலர். பத்துக் கிலோ மூட்டை, தள்ளுபடி வாரத்தில், 12 டாலர். அதாவது கிலோவுக்குப் பாதி விலை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லாரும் வீட்டில் கேக் சுடுவதால் அப்போதுதான் மாவுக்குத் தள்ளுபடி போடுகிறார்கள். நான் இரண்டு மூட்டை வாங்கிப் போட்டேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை தோளில் வைத்து நடந்தேன், உடம்புக்கு நல்லதுதானே. அரைக் கிலோ மாவில் ஒரு பிரட் வருகிறது. மாவுச் செலவு 60 சென்ட். கடையில் நான் பார்ப்பது 3 டாலர் பக்கம். கணக்குப் பார்த்துச் செய்வதில்லை, சும்மா சொல்கிறேன்.

மூட்டையை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன் பின்வாசல் படியில் நாலு நாள் போட்டுவைத்தேன். வெளியே மைனஸ் 30. வண்டு முட்டை ஏதாவது இருந்தாலும் அந்தக் குளிரில் பிழைக்காது. உள்ளே எடுத்து வந்ததும் அவசரப்பட்டுப் பையைப் பிரிக்கக் கூடாது. சில்லிட்ட மாவில் வீட்டுச் சூடு பட்டு ஈரம் கோத்துக்கொள்ளும். ஒரு முழு நாள் கட்டியபடியே கிடக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டுத் தாத்தா.

அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். எண்பதைத் தாண்டியவர். அவருடைய பாட்டன் உக்ரைனிலிருந்து வந்து இங்கே காடு திருத்தினவராம். கோதுமை வெள்ளாமைதான் தொழில், இப்போது நிலத்தை மகளிடம் விட்டுவிட்டு டவுனில் இருக்கிறார். கோட்டுப் பையில் எப்போதும் கொஞ்சம் கோதுமை வைத்திருப்பார். பேசிக்கொண்டே நாலு மணியை வாயில் போட்டு மெல்லுவார். நம் ஊரில் வெற்றிலை போடுகிறவர்கள் மாதிரி. முதல் தடவை நான் சுட்ட பிரட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைத் தலைகீழாகத் திருப்பி, காதருகில் வைத்து, விரல் முட்டியால் அடியில் தட்டினார். தேங்காய் வாங்கும்போது நீ தட்டிப் பார்ப்பாயே, அதே மாதிரி. ‘டொக்’ என்று உள்ளே வெறுமையாகக் கேட்டால் வெந்துவிட்டது என்று அர்த்தம். என்னுடையது ‘தப்’ என்றது. திருப்பிக் கையில் கொடுத்து, இன்னும் பத்து நிமிஷம் என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஏன் கோதுமையை மெல்லுகிறீர்கள் என்று கேட்டதற்கு ஒரு கதை சொன்னார். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டை வாழவைத்தது மார்க்விஸ் என்கிற கோதுமை. குளிர் வருவதற்குள் சீக்கிரம் விளைந்துவிடும், மாவும் பிரமாதம். இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கியது. ஒன்று இங்கே இருந்த ரெட் ஃபைஃப். இன்னொன்று, கேளம்மா, நம் நாட்டுக் கோதுமை. ஹார்ட் ரெட் கல்கத்தா என்று பெயர். சார்லஸ் சாண்டர்ஸ் என்கிற அரசாங்க விஞ்ஞானி 1904-ல் அதைத் தேர்ந்தெடுத்தார். சோதிக்க மாவு போதாததால் ஒவ்வொரு கதிரிலும் மணிகளை வாயில் போட்டு மென்றே பார்த்தாராம். பசை மாதிரி இழுத்தால் நல்ல பிரட் வரும் கோதுமை. 1911-ல் இங்கிருந்து வடக்கே உள்ள ராஸ்தர்ன் விவசாயி சீகர் வீலர் அந்தக் கோதுமைக்காக நியூயார்க்கில் 1000 டாலர் தங்கப் பரிசு வாங்கினார். அதைத் தன் சொந்தச் சித்தப்பா வாங்கியது மாதிரி தாத்தா சொல்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மில்லுக்கு அரைக்க வந்த டின்களிலிருந்து நானும் சின்னவளும் ஒரு பிடி கோதுமை திருடி, மென்று மென்று பபிள்கம் ஆக்குவோமே! அப்பா சுளகைத் தூக்கிக்கொண்டு துரத்துவாரே! அதுவும் ஒரு ஆராய்ச்சிதான் என்று அவரிடம் சொல்.

அப்பாவுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே முழுக் கோதுமை என்று பையில் எழுதியிருந்தாலும் சட்டப்படி நூற்றுக்கு ஐந்து பங்கு வரை எடுத்துவிடலாம். பெரும்பாலும் முளைப் பகுதியைத்தான் எடுக்கிறார்கள். அதில் எண்ணெய் இருப்பதால் மாவு சீக்கிரம் சிக்கடித்துவிடும் என்று. ‘முழுசு என்று எழுதிவிட்டு முளையை எடுத்தானா’ என்று அப்பா குதிப்பார். சப்பாத்திக்கு இந்தியக் கடையில் ஆட்டா வாங்குகிறேன். 20 பவுண்டு மூட்டை, பையில் 9.07 கிலோ என்று போட்டிருக்கும். வாசனை சுமார்தான். மில்லில் கல்லிலிருந்து சுடச்சுட விழும் மாவை ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பாரே, அந்தச் சூடு எந்தப் பையிலும் வராது.

சரி, சின்னவள் விஷயம். அவள் சுட்டு விற்கும் கேக் சில நேரம் நன்றாக வருகிறது, சில நேரம் ரப்பர் மாதிரி வருகிறது, பன் உப்பவில்லை என்று எழுதியிருந்தாய். அவள் கை மேல் குற்றமில்லை, மாவு மாறிக்கொண்டே இருக்கிறது. உதிரி மைதாவை வாங்கினால் இந்த வாரம் ஒரு மில் மாவு, அடுத்த வாரம் வேறு. கீழமாசி வீதியில் மொத்தக் கடையில் கேட்கச் சொல். பரோட்டாக் கடைக்குப் போகிற மைதா வேறு, பிஸ்கட்டுக்குப் போகிற மைதா வேறு. பரோட்டா மாஸ்டர் கேட்டு வாங்குவது இழுவை உள்ளது, அதுதான் பன்னுக்கும் பிரட்டுக்கும். கேக்குக்கு இழுவை குறைந்தது வேண்டும். பாக்கெட்டாக இருந்தால் பின்னால் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று பார்க்கட்டும். 11-க்கு மேல் பன்னுக்கு, 9 பக்கம் கேக்குக்கு. ஒரே மைதாதான் இருக்கிறதென்றால், கேக்குக்கு ஒரு கப்பில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துவிட்டு அந்த அளவுக்குக் கார்ன்ஃப்ளார் (வெள்ளைச் சோள மாவு) சேர்த்து இரண்டு முறை சலிக்கட்டும்.

கையிலும் பார்க்கலாம். ஒரு பிடி மாவை இறுக்கிப் பிடித்துத் திறந்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்பது கேக் மாவு, பொலபொலவென்று உதிர்வது பன் மாவு. பையைத் தைத்த தேதியையும் கேட்கட்டும். மலிவாயிருக்கிறதே என்று 50 கிலோ மூட்டை வாங்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் அவள் விற்று முடிப்பதற்குள் வண்டு முந்திக்கொள்ளும். ஒரு மாதத்துக்கு ஆகிற அளவு போதும். நான் போடும் அளவு இது: 500 கிராம் மாவு, 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் ஈஸ்ட். அவள் மைதா இவ்வளவு தண்ணீர் குடிக்காது, 300-லிருந்து ஆரம்பிக்கட்டும். டம்ளரில் அளக்காமல் தராசில் நிறுக்கச் சொல். மதுரையில் முக்கால் மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது, அதுவும் ஹீட்டர் பக்கத்தில் வைத்தால்.

அந்த ஹீட்டர் வீட்டுக்கெல்லாம் பொதுவாகக் கீழ்த்தளத்தில், என் படுக்கைக்கு அடுத்த தடுப்பில் இருக்கிறது. (கீழ்த்தளம்தான் கதகதப்பு, அதனால்தான் அங்கே எடுத்தேன்.) ராத்திரி அது நின்று நின்று ஓடும். கிளம்பும்போது முதலில் ஒரு உறுமல், அப்புறம் கடகடவென்று பிடித்து ஓடும். போன வாரம் மூன்று மணிக்கு அந்தச் சத்தத்தில் முழித்து, ‘கரண்ட் வந்துடுச்சு, அப்பா மில்லைப் போட்டுட்டாரு’ என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சட்டை தேடினேன், டின் எடுத்துக் கொடுக்கப் போக வேண்டுமே என்று. ஜன்னலில் பனி ஏறி ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தூங்கவில்லை அம்மா. அடுப்பைப் பற்ற வைத்து மாவு பிசைந்தேன்.

அதனால்தான் மில் விஷயத்தில் இவ்வளவு சொல்கிறேன். மில்லை விற்றுவிடலாம் என்று மச்சான் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாக்கெட் மாவு வந்தபின் அரைக்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்தான். மேலூர் ரோட்டுப் பக்கம் இடத்துக்கு நல்ல விலை வரும்தான். ஆனால் நான் வருகிற வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். பட்டா இன்னும் தாத்தா பேரில் இருக்கிறதா, மாற்றியாகிவிட்டதா என்று முதலில் பார்க்கட்டும். கல் கொத்தி எவ்வளவு நாள் ஆகிறது? பெல்ட் மாற்றினாரா? மிளகாய் அரைக்கும் மிஷினைத் தனியாகத் தள்ளிவிட்டு, அந்தப் பக்க அறையைச் சின்னவளுக்குக் கொடுக்கலாம். சுவரெல்லாம் கழுவி வெள்ளையடித்தால் ஓவன் வைக்கலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவை இப்போதே வாங்கிவிடட்டும், பிறகு யாரும் கேட்க முடியாது.

அவள் வளையலை அடகு வைத்துப் பெரிய ஓவன் வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டவே வேண்டாம். இருக்கும் சின்ன ஓவனிலேயே ஆறு மாதம் ஓட்டட்டும். நான் பார்த்து அனுப்புகிறேன். இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளிப்போகும், பேங்கில் ஏதோ மாற்றுகிறார்களாம். சித்தியிடம் சீட்டுப் பணத்தை அடுத்த வாரம் தருகிறேன் என்று மட்டும் சொல், காரணம் சொல்ல வேண்டாம். அப்பா கண் ஆபரேஷனுக்கு அரவிந்த் ஆஸ்பத்திரியில் எந்தத் தேதி என்று உடனே எழுது. சொட்டு மருந்தை நீ ஊற்று, அவரிடம் விட்டால் ஊற்ற மாட்டார்.

மில் பின்கதவுச் சாவியைக் காணோம், வீடு முழுக்கத் தேடியாயிற்று என்று எழுதியிருந்தாய். தேட வேண்டாம். அது என் பெட்டியில் இருக்கிறது. பூட்டை உடைக்காதீர்கள்.

அன்புடன்,
உன் பெரியவன்