தொடுதிரைப் பலகையைப் பிள்ளைகளும் தொடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளுக்குத் தொடுதிரைப் பலகை அன்பளிப்பாகக் கிடைத்த செய்தியையும் படத்தையும் உங்கள் நாளிதழில் அடிக்கடி பார்க்கிறேன். மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஆனாலும், முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சென்ற மாதம், நான்காம் ஆண்டு படிக்கும் என் பேத்தியின் பள்ளிக்குப் போயிருந்தேன். பெற்றோர் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று அழைத்திருந்தார்கள். புத்தம்புதுப் பலகை. ஆசிரியை ஒரு கேள்வியைக் காட்டினார். ஒரு பிள்ளை எழுந்துபோய் விடையைத் தொட்டது. திரையில் பச்சை மின்னியது, எல்லாரும் கைதட்டினார்கள். அரை மணி நேரத்தில் ஏழு பிள்ளைகள் எழுந்து போனார்கள். மற்ற இருபது பேரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் பேத்தியைக் கேட்டேன். “நான் இன்னும் ஒரு தடவைகூட அதத் தொட்டதில்ல அம்மாச்சி” என்றாள்.

நான் வெண்கட்டியை வைத்து நடத்திய பாடமும் இப்படித்தான் இருந்தது. பலகை மாறியிருக்கிறது, பாடம் மாறவில்லை. மாணவர் மையக் கற்றல் என்று பட்டறைக்குப் பட்டறை கேட்டிருக்கிறோம். பிள்ளை தானே தேட வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், தான் செய்ததைத் தானே எடைபோட வேண்டும் என்பதுதானே அது? கருவி ஆசிரியர் கையிலேயே இருந்தால் இதில் எது நடக்கும்? 1967-இல் கணித அறிஞர் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கியதே, கணினிக்குப் பிள்ளை கட்டளையிட வேண்டும் என்பதற்காகத்தான்.

நேரம் ஓட ஓட விடையை அழுத்தும் புதிர் விளையாட்டுகளும் அப்படியே. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் ஜெயிப்பது வேகமான விரல். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களிலேயே, பதிலுக்கு ஆசிரியர் காத்திருக்கும் நேரத்தை ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது, வாய் திறக்காத பிள்ளையும் பேசுகிறது என்று கண்டார்.

வாய் திறக்காத பிள்ளை என்றதும் எனக்கு ஒரு பையன்தான் நினைவுக்கு வருகிறான். 2021, வீட்டிலிருந்து கற்றல் நடந்த காலம். வாசிப்புப் பகுதியைக் குரலில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருந்தேன். வகுப்பில் கூப்பிட்டாலும் தலையைக் குனிந்துகொள்கிற பையன் அவன். வீட்டில் ஒரே கைப்பேசி; அப்பா வேலை முடிந்து வந்த பிறகு, இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் அனுப்புவான். ஒருநாள் ஒரே பத்தியை நான்கு தடவை அனுப்பியிருந்தான். கூடவே ஒரு சிறு பதிவு: “டீச்சர், மொதல்ல அனுப்பினதக் கேக்காதீங்க. மழைங்கிறது மளைன்னு வந்துருச்சு.” நான் திருத்தவே இல்லை. அவன் காதே அவனைத் திருத்தியிருந்தது. அந்த இரவை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம், வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பேட்டி எடுக்கச் சொன்னேன். எதைப் பற்றி என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டேன். பினாங்கின் பழைய பெர்ரி படகுகள் 2020 இறுதியில் சேவையை நிறுத்தியிருந்த சமயம். அவன் தாத்தா அந்தப் படகுத்துறையில் வேலை பார்த்தவராம். “பெர்ரி சங்குச் சத்தம் கேக்காம தூக்கம் வருதா தாத்தா?” என்று கேட்டிருக்கிறான். எனக்குத் தோன்றியிருக்காத கேள்வி. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவனே பன்னிரண்டு வரி எழுதினான். அதற்கு முன் மூன்று வரி தாண்டியதில்லை.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021-இல் கைவிடப்பட்டது. இன்று வகுப்பிலேயே ஆசிரியர் செய்யும் வகுப்புசார் மதிப்பீட்டில், பிள்ளையின் அடைவுநிலையை 1 முதல் 6 வரை குறிக்கிறார்கள். அந்த நான்கு பதிவுகளைவிட நல்ல சான்று வேறு ஏது?

ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. பாடத்துக்குமேல் அவர்கள் தட்டிப் பதிவேற்ற வேண்டியது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பதும் சரியான விதிதான். அதனால்தான் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களையும் நன்கொடையாளர்களையும் கேட்கிறேன்: அடுத்த முறை பெரிய பலகைக்குப் பணம் கட்டுமுன், வகுப்பாசிரியரிடம் என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். குழுவுக்கு ஒன்றாக ஐந்தாறு டேப்லெட், ஒலிவாங்கியுடன் கூடிய ஹெட்போன்கள், பதிவு செய்ய ஓர் அமைதியான மூலை. இவை போதும் என்று பல ஆசிரியர்கள் சொல்வார்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பலகை வழங்கும் நாளில் படம் போடுகிறீர்கள், சரி. மூன்று மாதம் கழித்து அதே வகுப்புக்கு ஒரு நிருபரை அனுப்பி, பிள்ளைகள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்றும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு