பீரோவைத் திறந்து விடுங்கள், இன்னொரு டீச்சரைக் கொடுங்கள்

தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளுக்காக முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் மகளுக்கு நான்கு வயது. எங்கள் தெருவில் உள்ள பால்வாடிக்குத்தான் போகிறாள். பக்கத்து ஊர் நர்சரியின் வேன் தினமும் வாசல் வழியாகத்தான் போகிறது, சொந்தக்காரர்கள் எல்லோரும் அதில் ஏற்றிவிடச் சொல்கிறார்கள், ஆனாலும் நானும் என் கணவரும் பால்வாடியே போதும் என்று முடிவு செய்தோம். அதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. மூன்றரை வயதில் விரல் எலும்பே இன்னும் முழுசாக உறுதியாகாத குழந்தையின் கையில் பென்சிலைக் கொடுத்து ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்தை எழுத வைக்கும் இடத்தைவிட, ஓடி ஆடி, கதை கேட்டு, நாலு பிள்ளைகளோடு சண்டை போட்டு சமாதானமாகும் இடத்தில்தான் அவள் நன்றாக வளர்வாள் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையோடு பிள்ளையை அனுப்பும் பெற்றோர் நிறைய பேர் இருக்கிறோம். எங்களுக்காக இரண்டு விஷயம் கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றை மனதாரச் சொல்லிவிடுகிறேன். 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் வெறும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒரு திட்டம், இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களாக நிற்கிறது. மலைக்கிராமத்துக்கும் மீனவர் குப்பத்துக்கும் சத்துமாவு போய்ச் சேருகிறது, பிள்ளைக்கு முட்டை கிடைக்கிறது, மாதாமாதம் எடை பார்க்கிறார்கள். இது சாதாரண வேலை இல்லை. பாடத்திட்டமும் நம்மிடம் இருக்கிறது. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று மாதத்துக்கு ஒரு கருப்பொருள் வைத்து, பாட்டு, கதை, விளையாட்டு, சின்னச் சின்னச் செயல்பாடு என்று போட்டிருக்கிறார்கள். படித்துப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. அதை நடத்த ஆள்தான் இல்லை.

ஒரு மையத்துக்கு ஒரு டீச்சர், ஒரு உதவியாளர். உதவியாளர் அக்கா கூட்டிப் பெருக்கி, தண்ணீர் பிடித்து, சமைத்து முடிக்கவே மதியம் ஆகிவிடும். டீச்சருக்கு வருகைப் பதிவு, எடை, உயரம், போனில் போஷன் டிராக்கர் செயலியில் எல்லாவற்றையும் ஏற்றுவது, சத்துமாவு வாங்க வரும் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் பதில் சொல்வது, தடுப்பூசி நாள், கூட்டம், வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பு, பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் கூட. செயலியில் பதிவு ஏறவில்லையென்றால் மேலே இருந்து உடனே கேள்வி வரும். இன்று ஏன் கதை சொல்லவில்லை என்று யாரும் போன் போட்டுக் கேட்கப் போவதில்லை. இப்படி இருக்கும்போது எந்த வேலை தள்ளிப்போகும் என்று உங்களுக்கே தெரியும். இதில் டீச்சர்களைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை, அந்த இடத்தில் நான் இருந்தாலும் செயலியைத்தான் முதலில் பார்ப்பேன்.

இதற்கு என்ன செய்யலாம் என்று நம் மாநிலத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, குலுக்கல் முறையில் அதில் பாதிக்கு மட்டும் கூடுதலாக ஒருவரைக் கொடுத்தார்கள். முழு நாள் வேலைகூட இல்லை, அரை நாள்தான். அவருக்கு ஒரே பொறுப்பு, முன்பருவக் கல்வி. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த மையங்களில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது, கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு: வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள பிள்ளைகளும்கூட அந்த மையங்களில் குறைந்தார்கள். பாடத்துக்கு ஓர் ஆள் வந்ததும், பழைய டீச்சருக்கு சத்துணவு, உடல்நல வேலைகளை ஒழுங்காகப் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகும் செலவைப் போலப் பல மடங்கு பலன் கிடைக்கும் என்று அவர்கள் கணக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். எங்கோ வெளிநாட்டில் நடந்தது என்று ஒதுக்க முடியாது, இது நம் மையங்களில், நம் பிள்ளைகளிடம் பார்த்தது.

கூடுதலாக ஒருவர் இருந்தால் அப்படி என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். ஐந்து புளியங்கொட்டையை நெருக்கமாக ஒரு வரிசையாகவும், இன்னொரு ஐந்தைத் தள்ளித் தள்ளி நீளமாகவும் வைத்து, எதில் அதிகம் என்று நாலு வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள். பெரும்பாலும் நீளமான வரிசையைத்தான் காட்டும். ஒன்று முதல் இருபது வரை மடமடவென்று ஒப்பிக்கும் பிள்ளையும் அதைத்தான் காட்டும். இந்த வயதில் மூளை அப்படித்தான் யோசிக்கும், தப்பில்லை. அந்த இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்படியா? சரி, ஒண்ணு ஒண்ணா ஜோடி சேர்த்துப் பார்ப்போமா?" என்று கேட்க ஒருவர் வேண்டும். பிள்ளை தானே கொட்டைகளை நகர்த்தி, தானே திகைத்து, இன்னொரு தடவை நகர்த்திப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் எண் என்றால் என்ன என்பது அதற்குள் இறங்குகிறது. இருபத்தைந்து பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு போனில் பதிவும் ஏற்றிக்கொண்டிருக்கும் ஒருவரால் இதைச் செய்யவே முடியாது. மொழியும் அப்படித்தான். பாட்டை நூறு முறை கோரஸாகப் பாடுவதால் மட்டும் பேச்சு வளர்ந்துவிடாது. பிள்ளை ஒன்று சொல்ல, பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்க, பிள்ளை இன்னும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல, இப்படிப் போய் வரும் பேச்சில்தான் வளர்கிறது. திருப்பூர் மாதிரி ஊர்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் நம் மையங்களில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தப் பேச்சு இன்னும் கூடுதலாகத் தேவை.

இரண்டாவது விஷயம் அறை.

பல மையங்களில் விளையாட்டுப் பொருள்கள் இருக்கின்றன, ஆனால் இரும்பு பீரோவுக்குள் இருக்கின்றன. ஏன் என்று கேட்டால், உடைந்தாலோ தொலைந்தாலோ ஆய்வுக்கு வரும்போது டீச்சர்தான் பதில் சொல்ல வேண்டும், இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்கிறார்கள். அதனால் மரக்கட்டைகளும் படப்புதிர்களும் வாங்கிய நாளில் இருந்தபடியே புதுசாக இருக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளை தொட்டுத் தள்ளி, கீழே போட்டு, வாயில் வைத்துப் பார்த்துத்தான் ஒரு பொருளைத் தெரிந்துகொள்ளும். உடையத்தான் செய்யும். ஒரு வருடம் ஆகியும் ஒரு மையத்தில் எதுவுமே உடையவில்லை என்றால் அங்கே போய் ஏன் என்று விசாரியுங்கள், உடைந்ததற்காக விசாரிக்காதீர்கள்.

சுவர்களில் வரைந்திருக்கும் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயிரெழுத்து, மெய்யெழுத்து, பழம், காய், விலங்கு, கொடி, தலைவர்கள் என்று ஓர் அங்குலம் விடாமல் வரைகிறார்கள், அதுவும் பெரியவர்களின் கண் உயரத்தில். 2014-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 மழலையர் வகுப்புக் குழந்தைகளை வைத்து, சுவர் முழுக்க அலங்காரம் உள்ள அறையிலும் வெறுஞ்சுவர் உள்ள அறையிலும் பாடம் நடத்திப் பார்த்தார்கள். அலங்காரம் நிறைந்த அறையில் பிள்ளைகளின் கவனம் அதிகம் சிதறியது, கற்றுக்கொண்டதும் குறைந்தது. சின்ன ஆய்வுதான், அதற்காகச் சுவரை மொட்டையாக விடச் சொல்லவில்லை. கொஞ்சமாக வரையுங்கள், பிள்ளைகளின் கண் உயரத்தில் வரையுங்கள், கீழ்ப்பக்கம் ஒரு கரும்பலகைப் பட்டையை அவர்கள் கிறுக்குவதற்கென்றே விட்டுவிடுங்கள்.

அறை பிள்ளையின் உயரத்துக்கு இருக்க வேண்டும் என்பது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரத்து ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தன் முதல் பள்ளியைத் திறந்து, அங்கே இதைச் செய்து காட்டினார்: சின்ன நாற்காலி, தாழ்வான அலமாரி, பிள்ளை தானே எடுத்துத் தானே திருப்பி வைக்கும் பொருள்கள். 1939-ல் அவர் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தும் வேலை செய்தார். ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அந்த முறையை இன்று சென்னையில் வேண்டுமென்றால் பெரிய தொகையைக் கட்டணமாகக் கட்ட வேண்டியிருக்கிறது, இது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். தாழ்வான இரண்டு அடுக்கு மர அலமாரிக்கும், பிள்ளை முழுசாகத் தன்னைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கண்ணாடிக்கும், கைக்கு எட்டும் ஒரு குழாய்க்கும், அடுப்புப் புகை உள்ளே வராத ஒரு தடுப்புச் சுவருக்கும் அவ்வளவு செலவாகாது. விதை, கொட்டாங்குச்சி, களிமண், துணிப் பொம்மை எல்லாம் ஊரிலேயே கிடைக்கும்.

2019 ஜனவரியில் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜி தொடங்கினீர்கள். 2022-ல் அதை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது, பிறகு தொடரும் என்று அறிவித்தீர்கள். அந்த எதிர்ப்பிலேயே தெரிகிறது, இந்த வயதில் பிள்ளைக்குக் கல்வி வேண்டும் என்று பெற்றோர் எவ்வளவு தவிக்கிறார்கள் என்று. அந்தத் தவிப்பை எழுத்துப் பயிற்சி நோட்டால் நிரப்பாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மாதம் ஒரு நாள் பெற்றோரை உள்ளே உட்கார வைத்து, பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்க விடுங்கள், இந்த விளையாட்டில் இது இதைக் கற்கிறது என்று டீச்சர் பக்கத்திலிருந்து சொல்லட்டும். நர்சரி வேனை எதிர்பார்த்து நிற்பவர்களில் பாதிப் பேர் யோசிப்பார்கள்.

பாடத்துக்கென்று கேட்கும் அந்தக் கூடுதல் டீச்சர் வேலைக்கு ஊரிலேயே படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களைப் பயிற்சி கொடுத்து எடுங்கள், கௌரவமான சம்பளம் கொடுங்கள், செயலி வேலையோ கணக்கெடுப்போ அவர் தலையில் ஏறாது என்று ஆணையிலேயே எழுதுங்கள். காலிப் பணியிடங்களை இவர்களை வைத்துச் சமாளிக்க வேண்டாம், அவற்றைத் தனியாக நிரப்புங்கள். எல்லா மையங்களிலும் ஒரே நேரத்தில் முடியாது என்றால் பிள்ளைகள் அதிகம் உள்ள மையங்களிலிருந்து வரும் ஜூனில் தொடங்குங்கள். ஆள் எடுக்க நிதி, அனுமதி என்று நாளாகும், புரிகிறது. ஆனால், விளையாட்டுப் பொருள் பயன்பாட்டில் உடைந்தால் பதிவேட்டில் எழுதிக் கழித்துக்கொள்ளலாம், அதற்கு டீச்சர் பொறுப்பில்லை என்று ஒரு சுற்றறிக்கை அனுப்ப எந்த நிதியும் தேவையில்லை. அதை இந்த மாதமே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பால்வாடிக்குப் போகும் ஒரு பிள்ளையின் அம்மா