அந்த உத்தரவின் இரண்டாம் பாதி

செல்வி,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் சாந்தி சொன்னாள், நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயில்தான் தாங்கவில்லை, வேலூர்க்காரியிடம் போய் இதைச் சொல்கிறேன் பார்.

அடிமைகளின் விடுதலையை நினைத்து இங்கே அமெரிக்காவில் ஜூன் 19 அன்று விடுகிற 'ஜூன்டீன்த்' லீவைப் பற்றிப் போனில் நீ கேட்டாயே, "ஒரு நாள் லீவு விட்டு என்ன ஆகப்போகிறது" என்று. அதற்காகத்தான் உட்கார்ந்தேன். ஜூன் 19 அன்று கால்வெஸ்டன் போயிருந்தேன். ஹூஸ்டனிலிருந்து ஒரு மணி நேரம்தான், கடலில் குளிக்க எத்தனையோ தடவை போன ஊர். அந்த நாளுக்காகப் போனது இதுதான் முதல் முறை.

1865இல் அதே தேதியில் கிரேஞ்சர் என்ற அமெரிக்க அரசுப் படைத் தளபதி அங்கே படையோடு வந்து, டெக்சாஸில் இனி அடிமைகள் யாரும் இல்லை என்று உத்தரவு போட்டார். அடிமைகளுக்கு விடுதலை என்ற ஜனாதிபதி லிங்கனின் பிரகடனம் 1863 ஜனவரி முதல் தேதியே வந்துவிட்டது. ஆனால் அமல்படுத்தப் படை வரும்வரை டெக்சாஸில் அது வெறும் காகிதம். சுமார் இரண்டரை லட்சம் அடிமைகள், அதற்குள் இரண்டு பருத்தி அறுவடை, மூன்றாவது வயலில் நிற்கிறது. யோசித்துப் பார், செல்வி.

அந்த உத்தரவு ஒரே பத்திதான், நின்றபடியே மூன்று தடவை படித்தேன். மேலே எல்லோருக்கும் விடுதலை, உரிமையிலும் சொத்துரிமையிலும் முழுச் சமத்துவம். கீழேயே, இருக்கிற இடத்தில் அமைதியாக இருந்து கூலிக்கு வேலை பாருங்கள், ராணுவ முகாம்களில் வந்து கூடாதீர்கள், சோம்பி இருந்தால் யாரும் ஆதரிக்க மாட்டார்கள் என்று இருக்கிறது! அடுத்தவன் வயலில் காலமெல்லாம் முதுகொடிந்தவர்களைப் பார்த்துச் சோம்பேறித்தனம் பற்றிப் புத்தி சொல்ல எப்படி மனசு வந்தது? பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி சிவப்பு சோடா ஒன்றை என் கையில் திணித்தார். சிந்திய ரத்தத்தின் நினைவாம், அன்று சாப்பாட்டில்கூடச் சிவப்பு இருக்கும் என்றார். நான் குடித்து முடிக்கிற வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம், இந்த லீவு யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. இந்த நாளைக் கொண்டாட இடம் வேண்டுமென்று 1872இல் ஹூஸ்டனின் கறுப்பின மக்கள் காசு சேர்த்து 10 ஏக்கர் வாங்கினார்கள், இன்றும் அது பூங்காவாக இருக்கிறது. டெக்சாஸில் அது அரசு விடுமுறை ஆனது 1980இல்தான். நாடு முழுக்க ஆனது 2021இல். அதற்காக ஓபல் லீ என்ற பாட்டி 2016இல் தன் 89ஆம் வயதில் வாஷிங்டன் நோக்கி நடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு ஊரிலும் இரண்டரை மைல், இரண்டரை வருஷத் தாமதத்துக்குக் கணக்காக. அவருக்கு 12 வயதில், 1939இல், அவர்கள் புதிதாகக் குடிபோன வீட்டை வெள்ளையர் கும்பல் நாசமாக்கியது. தேதி என்ன தெரியுமா? ஜூன் 19.

லீவு விட்டால் யாருக்கும் கூலி உயராது, அதில் நீ சொல்வது சரி. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பத்தியைக் கடைசி வரி வரைக்கும் உரக்கப் படிக்க ஒரு நாள் வேண்டாமா? முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டு கேக் வெட்டுகிறார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

உத்தரவின் போட்டோவை அனுப்புகிறேன். உன் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டி, என்ன கேட்டார்கள் என்று எழுது.

உன்
மல்லிகா