தரவரிசை சொல்லாத கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு நிர்வாகத்தில் தகவல் தொழில்நுட்பத்தின் பங்கு குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். எந்தெந்த நாடுகள் என்னென்ன சேவைகளை இணையத்துக்குக் கொண்டுவந்துள்ளன என்பதைக் கட்டுரையாளர் அக்கறையோடு தொகுத்திருக்கிறார். ஆனால், ஐக்கிய நாடுகள் அவையின் மின்னாளுகைத் தரவரிசையையே அவர் உரைகல்லாகக் கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இணையச் சேவைகள், தொலைத்தொடர்புக் கட்டமைப்பு, மனித வளம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் அந்தக் குறியீடு, ஓர் அரசு எந்த அளவுக்குக் கணினிமயமாகியிருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, கணினி தவறாகச் சொல்லிவிட்டால் அங்குள்ள குடிமக்களின் கதி என்ன என்பதைக் காட்டாது.

2016-ஆம் ஆண்டுத் தரவரிசையில் பிரிட்டன் முதலிடத்திலும் ஆஸ்திரேலியா இரண்டாமிடத்திலும் இருந்தன. 2018-இலும் ஆஸ்திரேலியாவுக்கு இரண்டாமிடமே கிடைத்தது. அதே ஆண்டுகளில்தான் அந்நாட்டு அரசு, பிற்காலத்தில் ‘ரோபோடெட்’ என்று பெயர் கெட்டுப்போன திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது. சமூக நல உதவித்தொகை பெற்றவர்களில் யாருக்குக் கூடுதலாகப் பணம் போய்விட்டது என்பதைக் கணினியே கண்டுபிடித்து வசூலிக்கும் என்பதுதான் ஏற்பாடு. கணினி அதைக் கண்டுபிடித்த விதத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும்.

அங்கே உதவித்தொகை இரு வாரத்துக்கு ஒருமுறை, அந்த இரு வார வருமானத்தைப் பொறுத்துத் தீர்மானிக்கப்படுகிறது. வரித்துறையிடம் இருப்பதோ ஆண்டு வருமானம். எடுத்துக்காட்டாக, ஒருவர் ஆண்டின் முற்பாதியில் வேலை பார்த்து 26,000 டாலர் ஈட்டினார், பிற்பாதியில் வேலையிழந்து உதவித்தொகை பெற்றார், அக்காலத்தில் தமக்கு வருமானமில்லை என்று உள்ளபடியே அறிவித்தார் என வைத்துக்கொள்வோம். கணினி அந்த 26,000 டாலரை 26 தவணைகளால் வகுத்து, அவர் ஆண்டு முழுவதும் இரு வாரத்துக்கு 1,000 டாலர் வீதம் சம்பாதித்ததாக எடுத்துக்கொண்டது. வேலையில்லாமல் இருந்த மாதங்களில் அவர் பெற்ற தொகை கடனாக மாறியது. நான்காம் வகுப்பு வகுத்தலில் பிழையில்லை; எதை எதனால் வகுக்கலாம் என்பதில்தான் பிழை. முன்பு இப்படி ஒரு முரண்பாடு தென்பட்டால் அதிகாரி ஒருவர் அதை ஆராய்வார், தேவைப்பட்டால் முதலாளியிடமே விவரம் கேட்பார். புதிய ஏற்பாட்டில் அந்த மனிதர் இல்லை. பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்துத் தாம் கடன்படவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு கடிதம் பெற்றவர் தலையில் விழுந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 என்றிருந்த விசாரணைக் கடிதங்கள் வாரத்துக்கு 20,000 என்ற அளவுக்குப் பெருகின. திறன் என்றால் இதுவும் திறன்தான்!

2019 நவம்பரில் நீதிமன்றத்தில் இந்தக் கணக்குமுறை சட்டப்படி செல்லாது என்றானது. மறு ஆண்டு, 4.7 லட்சம் கடன்களுக்காக வசூலித்த 72.1 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. 2023 ஜூலையில் அறிக்கை அளித்த அரச விசாரணை ஆணையம், இத்திட்டம் கொடூரமானது, நியாயமும் அற்றது, சட்டத்துக்கும் உட்படாதது என்று கடுமையாகவே சாடியது. ஆனால், தொடங்கிய சில மாதங்களிலேயே பாதிக்கப்பட்டவர்கள் பொதுவெளியில் முறையிட்டும் மூன்றாண்டுகளுக்கு மேல் அது நடந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

முதலிடம் பெற்ற பிரிட்டனின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. அரசுக்குச் சொந்தமான அஞ்சலக நிறுவனத்தின் ‘ஹொரைசன்’ மென்பொருள் கணக்கில் பணம் குறைவதாகத் தவறாகக் காட்டியதால், கிளை அஞ்சலகங்களை நடத்திவந்த 900-க்கும் மேற்பட்டோர் 1999-க்கும் 2015-க்கும் இடையில் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். சிலர் சிறைக்கும் சென்றனர். அதற்கு முன்பு இங்கிலாந்தில், கணினி ஆவணத்தைச் சான்றாக முன்வைப்பவரே அக்கணினி சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்ற சட்டப்பிரிவு இருந்தது. 1999-இல் இயற்றிய சட்டம் ஒன்று அதை நீக்கிவிட்டதால், மாறாகக் காட்டும்வரை கணினி சரியாகவே இயங்கியதாகக் கொள்ளும் நிலை வந்தது. மென்பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியே இல்லாத ஓர் அஞ்சலகக்காரர் அதை எப்படி மாறாகக் காட்டியிருக்க முடியும்? 2024-இல் நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்றித் தீர்ப்புகளை ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

இவற்றைச் சொல்வதால் கணினியை அரசு அலுவலகங்களிலிருந்து அகற்றிவிட வேண்டும் என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். கோப்பை நகர்த்தாமல் வைத்திருப்பதையே அதிகாரமாகக் கருதும் மேசைகளைக் கணினி எவ்வளவோ இடங்களில் காலி செய்திருக்கிறது. கட்டுரையாளர் பாராட்டும் எஸ்தோனியாவை நானும் பாராட்டுகிறேன். காரணம் மட்டும் வேறு. எல்லாத் தகவலையும் ஒரே பெரிய கிடங்கில் குவிக்காமல், துறைகள் தத்தம் தரவைத் தம்மிடமே வைத்துக்கொண்டு தேவையானதை மட்டும் பரிமாறிக்கொள்ளும் ‘எக்ஸ்-ரோடு’ என்ற இணைப்புமுறை அங்கே 2001 முதல் இயங்குகிறது. ஒரு துறையிடம் ஏற்கெனவே உள்ள தகவலைத் திரட்ட இன்னொரு துறை தனித் தரவுத்தளம் ஏற்படுத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதைவிட முக்கியமானது, தம்மைப் பற்றிய பதிவை எந்த அலுவலகம், எப்போது எடுத்துப் பார்த்தது என்பதைக் குடிமக்களே இணையத்தில் காண முடிகிறது. குற்றப் புலனாய்வு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு என்றாலும், காரணமின்றிப் பார்த்ததாகத் தோன்றினால் விளக்கம் கேட்கலாம்.

2017-இல் அந்நாட்டு அடையாள அட்டைகளின் சில்லில் ஒரு பாதுகாப்புக் குறை இருப்பதை ஆய்வாளர்கள் தெரிவித்தனர். பாதிக்கப்படக்கூடியவை ஏறத்தாழ 7.5 லட்சம் அட்டைகள். நாட்டின் மக்கள்தொகையே 13 லட்சம்தான். அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல், அதில் இதே அட்டையைக் கொண்டு இணையவழி வாக்களிப்பும் உண்டு. இத்தனை இக்கட்டிலும் அரசு செப்டம்பர் முதல் வாரத்திலேயே குறையைப் பகிரங்கமாக அறிவித்தது. நவம்பரில், புதுப்பிக்கப்படாத அட்டைகளின் மின்சான்றிதழ்களை முடக்கியது. மறைக்க எல்லாத் தூண்டுதலும் இருந்த நேரத்தில் மறைக்காதது, பல செயலிகளை வெளியிடுவதைவிடப் பெரிய நிர்வாகச் சாதனை என்பேன்.

இயந்திரத்துக்கு அப்பால் ஒரு வழி திறந்திருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். டென்மார்க்கில் 2014 முதல் அரசுக் கடிதங்கள் மின்வழியில்தான் வருகின்றன. ஆயினும், இயலாதவர்கள் விண்ணப்பித்துக் காகிதத்திலேயே பெற்றுக்கொள்ளலாம். இந்தியாவில் 2018-இல் ஆதார் வழக்கின் தீர்ப்பிலும், சரிபார்ப்பு தோல்வியுறும்போது வேறு வழியில் அடையாளத்தை நிறுவ விதிகளில் இடமளிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்காததற்கு அந்த விரல்களுக்குரியவர் பொறுப்பாக முடியாதல்லவா?

ஆகவே, இத்தொடரின் அடுத்த கட்டுரையில், கணினி எடுத்த முடிவின் காரணத்தைச் சம்பந்தப்பட்டவர் கேட்டுப் பெற எந்தெந்த நாடுகளின் சட்டங்கள் வழி செய்கின்றன, அந்த முடிவை மாற்றும் அதிகாரமுள்ள ஒரு மனிதரை அவர் எத்தனை நாளில் அணுக முடிகிறது, முறையீடு நிலுவையில் இருக்கும்போது கடன் வசூலும் உதவித்தொகை நிறுத்தமும் ஒத்திவைக்கப்படுகின்றனவா என்பவற்றையும் ஒப்பிட்டு எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்